பயப்பட ஓர் இடம்

எங்கள் செயின்ட்-மிஷேல் வீட்டில் அறைக் கதவைச் சாத்த முடியாது. சாத்தினால் போதும், "என்னப்பா, சுகமில்லையோ?" என்று கணவர் தட்டுவார். அவருக்குத் தெரிந்தால் மேல்மாடி மச்சாளுக்குத் தெரியும். மச்சாளுக்குத் தெரிந்தால் ரொறொன்ரோவுக்கே தெரியும். ஆகவே மார்பில் கட்டி ஒன்று இருப்பதையும், ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருப்பதையும் நான் யாருக்கும் சொல்லவில்லை. மகளுக்கும்தான்.

முடிவு சொல்லக் கூப்பிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அந்த நாட்களில் கடைக்கென்று சொல்லிவிட்டு, பஸ் ஏறி, தாவரவியல் பூங்காவிலுள்ள சீனத் தோட்டத்துக்குப் போய்விடுவேன்.

அதைக் கட்டியவர்களுக்கு என் மாதிரி ஆட்களைத் தெரிந்திருக்க வேண்டும். பாதை நேரே போகாது. ஒரு மூலை திரும்பினால் வந்த வழி மறைந்துவிடும். வெள்ளைச் சுவரில் பூவேலை யன்னல். அதன் பின்னால் உட்கார்ந்தால் யார் கண்ணிலும் படமாட்டேன். அங்கே நான் செய்ததெல்லாம் பயந்ததுதான். வீட்டில் சிரித்துச் சிரித்து விழுங்கியதையெல்லாம் சேர்த்து, ஆசைதீரப் பயந்தேன். கை நடுங்கினால் நடுங்க விட்டேன். குளத்தைப் பார்த்திருக்க மெல்ல மூச்சு சீராகும். பிறகு வீட்டுக்குப் போய்க் கறி வைக்க முடியும்.

அன்று அங்கேயே போன் அடித்தது. தாதி பிரெஞ்சில் கடகடவென்று பேசினார். ஒரு சொல்லை மட்டும் திரும்பச் சொன்னார்: "பெனேன்." விளங்கியதா என்று கேட்டார். பயத்தில் என் வாய் பழக்கதோஷமாக "வுய், மெர்சி" என்று, ஓம், நன்றி என்று, சொல்லிவிட்டது. அவர் வைத்துவிட்டார்.

என் பிரெஞ்சு பஸ்ஸுக்கும் கடைக்கும் போதும்; இதற்குப் போதாது. குரல் கனிவாக இருந்தது. கெட்ட செய்தியைத்தானே கனிவாகச் சொல்வார்கள்? போனில் தேடினேன், அதே பெயருள்ள ஏதோ ஆபிரிக்க நாட்டின் படம் வந்தது.

கடைசியில் வேலையிலிருந்த மகளுக்கே போன் எடுத்தேன்.

"பிள்ளை, ஆஸ்பத்திரியில பெனேன் எண்டு சொன்னா என்ன?"

"கட்டியைச் சொல்லுறது அம்மா. ஆபத்தில்லாத கட்டி, கான்சர் இல்லை எண்டு."

போன உயிர் திரும்பி வந்தது. சரியென்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம். ஆனால் ஒரு விம்மல் வாயை மீறி வந்துவிட்டது.

"ஆருக்கம்மா?" என்று மகள் கேட்டாள். குரல் நடுங்கியது. அவளைச் சுற்றிச் சக ஊழியர்கள் பேசுவது போனில் கேட்டது. அவளுக்கு ஒளிந்து பயப்பட ஒரு சுவர்கூட இல்லை.