சுவருக்கு அந்தப் பக்கம் மெயின் சுவிட்ச்

கமலாட்சி வாலாஜாபாத்தில் பிறந்தவள். கல்யாணமாகிப் பெரிய காஞ்சிபுரத்துக்கு வந்தபோது அவளுக்குத் தறியைப் பற்றி ஒன்றும் தெரியாது. உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் கோத்து வரும் கோர்வைப் புடவை நெய்ய இரண்டு பேர் வேண்டும். நெய்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் கரை நூலை ஏந்தி ஓடும் நாடாவைத் தள்ளித் தரவேண்டும். அவள் கணவன் குமாரவேலுக்கு அந்த வேலையை வெகுநாள் செய்துவந்தவன் அவன் தம்பி தினேஷ். அவன் எழுந்து போன பிறகுதான் அந்த இடத்துக்குக் கமலாட்சி வந்தாள்.

தினேஷ் எழுந்து போனதற்குக் காரணம் ஒரு வார்த்தை. அவன் தன் விருப்பப்படி காயத்ரியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு மாலையோடு வந்து நின்றபோது, "இவ இந்த வூட்டு வாசப்படி மிதிக்கத் தகுதியில்லாதவ" என்று தெருவே கேட்கச் சொன்னான் குமாரவேல். காயத்ரி தலை குனிந்து நின்றது கமலாட்சிக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. கணவனைத் தடுத்து அவளும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

வீடு இரண்டு பேருக்கும் பொது என்பதால் கூடத்தின் நடுவே சுவர் எழும்பியது. மேற்கூரை வரை எட்டாத, அவசரத்துக்குக் கட்டிய சுவர். தறியும் பழைய வாசலும் அண்ணன் பக்கம் நின்றன; தம்பி தனக்கு வேறு வாசல் வைத்துக்கொண்டான். மீட்டரும் மெயின் சுவிட்சும் தம்பி பக்கம் போய்விட்டன. அன்றிலிருந்து இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு கிடையாது. அந்தப் பக்கம் குக்கர் விசில் அடிப்பது இந்தப் பக்கம் கேட்கும், அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஓதம் ஏறியது. தறிக்கு மேலே இருந்த டியூப்லைட் விட்டு விட்டு எரிந்தது. சுவிட்சை அணைத்தாலும் முழுசாக அணையாமல் மங்கலாக மினுக்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் கமலாட்சி ஒட்டடை துடைக்கப் போய் அதன் இரும்புப் பட்டியில் கை பட்டதும் சுரீரென்று இழுத்தது. சுவிட்ச் அணைந்துதான் இருந்தது.

"ஏங்க, அணைச்சும் ஷாக் அடிக்குது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம். மெயினை அணைச்சுட்டுப் பாக்கட்டும்."

"மெயினை அணைக்க யாரைக் கேக்கறது? அவனையா?" என்றான் குமாரவேல். "அவங்கிட்ட போய் நின்னேன்னா, அப்புறம் நான் ஆம்பளையே இல்ல. ஒயரு லூசாயிருக்கும். நானே முறுக்கி வுட்டுர்றேன்."

"வேணாங்க."

"சுவிட்சுதான் அணைச்சிருக்குதே!"

மறுநாள் காலை அவள் அடுப்படியில் இருந்தபோது அவன் இரும்பு ஸ்டூலைத் தறிக்குழி ஓரமாகப் போட்டு ஏறிவிட்டான். காலில் செருப்பில்லை, தரையெல்லாம் ஈரம். ஸ்டூல் கடகடவென்று ஆடும் சத்தம் கேட்டுக் கமலாட்சி ஓடிவந்தாள். அவன் ஒரு கை பட்டியைப் பிடித்தபடி இருந்தது. விட முடியவில்லை. வாய் கோணி, உடம்பு முழுக்க உதறியது.

பிடித்து இழுக்கத்தான் அவள் கை நீண்டது. தொட்டால் தானும் ஒட்டிக்கொள்வோம் என்பது எப்படியோ அந்த நொடியில் உறைத்தது. கையை இழுத்துக்கொண்டு, சுவருக்கு மேலே தெரிந்த இடைவெளியைப் பார்த்து அலறினாள்.

"காயத்ரீ! மெயினை அணைடீ! மெயினு!"

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று விழும் சத்தம். பிறகு 'டக்'கென்று ஒரு சத்தம். வீடே நிசப்தமானது. குமாரவேல் மரக்கட்டை போலத் தறிமேல் சரிந்தான். தறியில் நீளவாக்கில் பூட்டியிருந்த பாவு நூல் கொத்தாக அறுந்தது. வலது மணிக்கட்டு அவன் உடம்புக்கு அடியில் மடங்கியது.

காயத்ரி ஓடிவந்தாள். அந்த வாசற்படியை அவள் முதல்முறையாக மிதித்தது அன்றுதான். அவனுக்கு மூச்சு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, தெருவுக்கு ஓடி ஆட்டோ கூட்டிவந்தாள். ஆஸ்பத்திரியில் இதயத்தைச் சோதித்து, ஓர் இரவு வைத்திருந்து, கையில் மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள்.

வேலையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்த தினேஷ் அண்ணனிடம் போகவில்லை. வராந்தாவில் கமலாட்சியைப் பார்த்துத்தான் வெடித்தான்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா அணைச்சிருக்க மாட்டேனா அண்ணி? செத்திருந்தா ஊரு என்னைத்தான சொல்லும்?"

அவன் கண் கலங்கியிருந்தது. அதை அண்ணன் பார்க்கவேண்டும் என்று அவள் உள்ளே கூப்பிட்டாள். அவன் வரவில்லை.

எலக்ட்ரீஷியன் மணிவண்ணன் வந்தபோது மெயினை அணைக்கச் சொல்லக் கமலாட்சியே போனாள். காயத்ரி அணைத்துவிட்டு, யாரும் தெரியாமல் போட்டுவிடக்கூடாது என்று அங்கேயே நின்றாள். மணிவண்ணன் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே பட்டியைக் கழற்றினான்.

"சுவரு கட்டி லைன் மாத்தினப்போ ஒயரைத் தப்பாக் குடுத்துட்டாங்கக்கா. சுவிட்சை அணைச்சா நியூட்ரல்தான் கட்டாவுது. கரண்டு லைட்டுலயே நின்னுக்கினு இருக்குது. ஓதத்துல ஒயர் உரிஞ்சு பட்டியில பட்டிருக்கு."

அந்தப் பக்கமும் இரண்டு விளக்குகள் அதேபோலத்தான் இருந்தன. எல்லாவற்றையும் சரிசெய்து, இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மெயினும், கரண்டு கசிந்தால் தானாக விழும் சுவிட்சும் போட்டுக் கொடுத்தான்.

"நல்லதாப் போச்சு" என்றான் குமாரவேல், கட்டுப் போட்ட கையோடு படுத்தபடி. "இனிமே அங்க போய் நிக்க வேணாம்."

கமலாட்சிக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ. "நீங்க துடிச்சிக்கினு இருந்தப்போ அணைச்சது யாரு?"

"ஆபத்துக்கு அணைச்சா. அதுக்கு இன்னா இப்போ?"

"அன்னிக்குத் தெருவே கேக்கச் சொன்னீங்க. இப்போ தெரு கேக்க வேணாம். அவ கேட்டா போதும். ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

கட்டுப் பிரித்து மாதங்கள் ஆகின்றன. அறுந்த பாவு நூலை அவள் ஒவ்வோர் இழையாகப் பிணைத்தாள். அவன் விரல்களில் பழைய பிடி இல்லை, நாடா பாதியில் நின்றுவிடுகிறது. விளக்கு நன்றாக எரிகிறது. ஆனாலும் சுவிட்சைத் தொடுமுன் கமலாட்சி ஒவ்வொரு முறையும் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொள்கிறாள். மத்தியானங்களில் அவள் தெரு வழியாகச் சுற்றிக் காயத்ரி வீட்டுக்குப் போய்க் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். குமாரவேல் தடுப்பதில்லை, கேட்பதுமில்லை.

ஒருநாள் மட்டும் தறியில் குனிந்தபடியே கேட்டான்.

"அவ எதனா சொன்னாளா?"

"நீங்க சொல்லாம அவ இன்னா சொல்லுவா?"

அவன் நாடாவைத் தட்டினான். அது பாதி வழியில் நின்றது. கமலாட்சி கையை நீட்டி அதை எடுத்துக் கொடுத்தாள்.