கதவடியில் நான்கு மில்லிமீட்டர்

யாரும் பார்க்கப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் ஒருவர் வேலையை ஏன் ஒழுங்காகச் செய்யவேண்டும்? பழைய கார்களின் துருப்பிடித்த தரையை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைக்கும் ஒருவரிடம் இதைக் கேட்டிருக்கலாம். அவர் செய்வது முழுவதும் கம்பளத்துக்கு அடியில் மறைந்துவிடும் வேலை. ஆனால் கேட்டதும் பதில் சொல்லும் ஆளில்லை அவர். திருப்புளியின் பின்பக்கத்தால் பக்கத்தில் இருப்பதைத் தட்டிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

அதனால் அவருக்கு 'டொக்கு' என்று பெயர். நல்ல தகடு கணீரென்னும்; துரு தின்ற தகடு டொக்கென்னும். பழக்கம் பட்டறையோடு நிற்கவில்லை. ஒருமுறை பல் மருத்துவமனையில் காத்திருந்தபோது நாற்காலி, அலமாரி, மீன்தொட்டி என்று வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். "மீன் பயப்படுது, கையை வச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்று மனைவி அதட்டவேண்டியிருந்தது.

பட்டறையில் அவருக்குத் துணை, மனைவியின் அண்ணனான பெயின்டர். வாய் ஓயாதவர். "நீ பண்றது யாருக்கும் தெரியாது மாப்ள. நான் பண்றதைத்தான் ஊரே பார்க்கும்" என்பது அவருடைய தினசரிப் பாட்டு. வாசலுக்குப் பெயர்ப்பலகை எழுதித் தருகிறேன் என்று பல வருடமாகச் சொல்லிவந்தார். டொக்கு பிடிகொடுக்கவில்லை. பலகைக்கென்று மச்சான் அடித்த இரண்டு ஆணிகள் மட்டும் வாசலுக்கு மேலே காத்திருந்தன.

ஒரு திங்கட்கிழமை, ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் தன் இருபத்தாறு வயதுக் காரை ஓட்டிவந்தார். வியாழக்கிழமை தகுதிச் சோதனை. தேறாவிட்டால் கார் நேராக உடைப்புக்குப் போகும்; இன்னொன்று வாங்கும் வசதி அவருக்கு இல்லை. கம்பளத்தைத் தூக்கினால் தரை தெரிந்தது. காரின் தரையல்ல, பட்டறையின் தரை.

"இதுல எப்படிம்மா ஓட்டினீங்க?"

"காலைத் தூக்கிட்டுத்தான். மழை வந்தா ரப்பர் செருப்பு."

கதவடிப் பட்டை இன்னும் மோசம். கதவைத் திறந்தால் காலடியில் விளிம்பாகத் தெரியும் அந்த நீளத் தகட்டுப் பெட்டிதான் காரின் முன்பாதியையும் பின்பாதியையும் தொங்காமல் பிடித்திருப்பது. யாரோ முன்பு அதில் செய்தித்தாளைத் திணித்து, மேலே பசை பூசித் தார் அடித்திருந்தார்கள். டொக்கு உருவியெடுத்த காகிதத்தில் குறுக்கெழுத்துப் போட்டி பாதி நிரம்பியிருந்தது. மீதியைப் பெயின்டர் நிரப்பினார்.

பட்டையை வெட்டும் முன் கதவு வாசலின் குறுக்கே ஓர் இரும்புக் குழாயைப் பற்றவைப்பது வழக்கம், கார் நடுவில் தொங்கிவிடாமல் இருக்க. அன்று அந்தக் குழாயில் பெயின்டர் வேறு காரின் கதவுகளைக் காயப்போட்டிருந்தார். ஈரப் பெயின்ட். டொக்கு குழாயை ஒரு பார்வை பார்த்தார், "சின்ன வேலைதானே" என்று குழாய் இல்லாமலே பட்டையை வெட்டிவிட்டார். முப்பது வருட அனுபவம் உள்ளவர் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. புதியவருக்கு அந்தத் துணிவு வராது.

செவ்வாய் மாலைக்குள் தரையும் புதுப் பட்டையும் முடிந்தன. பற்றவைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காரை இறக்கிக் கதவைச் சாத்தினார். சாத்திக்கொள்ளவில்லை. மேலே உரசியது, கீழே வாய் பிளந்தது. அளந்தால் நடுப்பகுதி நாலு மில்லிமீட்டர் தொங்கியிருந்தது.

"கீலைக் கொஞ்சம் நெம்பினா சாத்திக்கும் மாப்ள. சோதனைக்காரர் துருவைத்தான் பார்ப்பார். தேறிடும்."

"தேறிடும்," என்றார் டொக்கு.

"அப்புறம் என்ன?"

"அந்தம்மா தினமும் கதவைத் தூக்கித் தூக்கிச் சாத்தணும் மச்சான்."

"இத்தனை நாள் காலையே தூக்கிட்டு ஓட்டியிருக்காங்க. கதவைத் தூக்கமாட்டாங்களா?"

மறுபடி வெட்டினால் வியாழனுக்குள் முடியாமல் போகலாம். போனால் இழப்பு நர்ஸுக்கு. தன் வேலையின் சுத்தத்துக்காக இன்னொருவரின் காரைப் பணயம் வைப்பதும் ஒருவகைக் கர்வம்தான். அது அவருக்குப் புரிந்திருக்கவேண்டும், தானாக முடிவெடுக்கவில்லை. நர்ஸுக்குப் போன் போட்டு, குழாய், ஈரப் பெயின்ட் எதையும் விடாமல் சொன்னார்.

நர்ஸ் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"முப்பது வருஷம் ஊசி போட்டிருக்கேன் தம்பி. முதல் குத்துல நரம்பு கிடைக்கலன்னா என்ன பண்ணுவோம் தெரியுமா?"

"என்னம்மா?"

"சாரி சொல்லிட்டு மறுபடி குத்துவோம். நீங்க சாரி சொல்லியாச்சு."

புதன் காலை பெயின்டரே கதவுகளை இறக்கிவைத்துக் குழாயைக் கொண்டுவந்து நீட்டினார். "இந்தா. என் தங்கச்சிகிட்ட மட்டும் என் பேரைச் சொல்லிடாதே."

பட்டையை அறுத்தெடுத்து, நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, கதவு சரியாகச் சாத்திக்கொண்டதும் குழாயைக் குறுக்கே பற்றவைத்தார் டொக்கு. அளவு மாறிவிட்டதால் அறுத்த பட்டை இனிப் பொருந்தாது. அட்டைப்பெட்டியைக் கிழித்து அளவெடுத்து, புதிதாக ஒன்று மடித்தார். சூட்டில் தகடு நெளியாதபடி அங்கொரு பொட்டு இங்கொரு பொட்டாகப் பற்றவைக்க, பெயின்டர் ஈரத்துணியோடு கூடவே நகர்ந்தார். இரண்டு மணி நேரம் பேசவில்லை. பட்டறையில் அது முதல்முறை.

வியாழனன்று சோதனைக்காரர் தரையை ஒரு மிதி மிதித்தார், குனிந்து டார்ச் அடித்தார், முத்திரை குத்தினார். கதவை அவர் தொடவேயில்லை. நர்ஸ்தான் நாலு தடவை திறந்து மூடினார், ஒற்றை விரலால்.

அடுத்த வாரம் டொக்கு, தான் முதலில் செய்து புதனன்று அறுத்தெடுத்த பட்டையை வாசலுக்கு மேலே, பெயர்ப்பலகைக்கென்று அடித்த ஆணிகளில் மாட்டினார். வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "எனக்கும் இதே மாதிரி பண்ணிக் கொடுங்க" என்கிறார்கள். "அந்த மாதிரி வேண்டாம்" என்கிறார் அவர். அதற்கு வண்ணமாவது அடிக்கட்டுமா என்று பெயின்டர் கேட்டுப்பார்த்தார். ஏன் மாட்டினாய் என்றும் கேட்டுப்பார்த்தார். டொக்கு திருப்புளியை எடுத்து அதைக் கணீரென்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு, உள்ளே போய்விட்டார்.