எட்டாம் காட்சி முன்பு நடந்தது

கொழும்புக்கு அனுப்பிய என் தொலைக்காட்சி நாடகப் பிரதி ஒரு கடிதத்துடன் திரும்பி வந்தது. அது எண்பதுகளின் நடுப்பகுதி. கல்முனையில் எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. எங்கள் வீட்டில் இல்லை. இருந்தும் எழுதினேன். அதற்கு முந்திய வருடம் என் மகனை அட்டாளைச்சேனையிலிருந்து வரும் வழியில் பஸ்ஸிலிருந்து படையினர் இறக்கித் தங்கள் காம்புக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள்தான் விட்டார்கள். அதை எழுதி முடிக்காமல் என்னால் வகுப்பில் ஒரு பாடம்கூட ஒழுங்காகப் படிப்பிக்க முடியவில்லை.

பிரதிகளை வாசிக்கும் அதிகாரி மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். இரண்டு கேள்விகள். மூன்றாம் காட்சியில் விடுபட்டு வந்து வீட்டில் சாப்பிடும் மகனை எட்டாம் காட்சியில் கொண்டுபோகிறார்களே, இது இரண்டாவது தடவையா? பெற்றோர் ஏன் பின்வளவில் வசிக்கிறார்கள், மருமகன் துரத்திவிட்டாரா? தெளிவாக்கி ஒரு மாதத்துக்குள் அனுப்பும்படி கேட்டிருந்தார்.

இரண்டாவது கேள்வியை வாசித்ததும் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அல்லாஹ்வே! இத மருமகன்ட காதுல போட்டுராதீங்க. அந்தப் பிள்ள வீட்ட விட்டே ஓடிரும்."

எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றோர் பின்வளவில் ஒரு சிறிய வீட்டுக்குப் போய்விடுவோம். மகனைக் கொண்டுபோனது மகளின் கலியாணத்துக்கு முன். ஆகவே நாடகத்தில் நாங்கள் முன் மண்டபத்தில் இருந்தால் அது பழைய கதை, பின்வளவில் இருந்தால் இன்றைய கதை. இதைச் சொல்லக் காட்சிக்கு மேலே ஒரு தலைப்பு வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தாய் எங்கே உட்கார்ந்து அரிசி புடைக்கிறாள் என்பதை வைத்தே எங்கள் தெருப் பெண்கள் காலத்தைச் சொல்லிவிடுவார்கள்.

முதல் கேள்விக்கு என்னால் சிரிக்க முடியவில்லை. இரண்டாவது தடவையா? மகன் அப்போதும் அதே பாதையில் அதே பஸ்ஸில்தான் தினமும் போய்வந்தான். அது ஒரு தடவைதான் நடந்தது, முடிந்துவிட்டது என்பது பார்க்கிற எவருக்கும் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். முழுப் பிரதியையும் முதலிலிருந்து எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு காட்சியின் தலையிலும் இடம், பொழுது. பழையதானால் கீழே 'முன்நிகழ்வு' என்று எழுதிச் சிவப்பு மையால் கோடிட்டேன். அது முடியும் இடத்தில் 'மீண்டும் நிகழ்காலம்' என்று எழுதினேன். கோடு கோணலானால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தபோது மகன் அந்தத் தாள்களை வாசித்துக்கொண்டிருந்தான். கையில் ஒன்பதாம் காட்சி. காம்புக்குள் அவனை ஒரு மர வாங்கில் உட்காரவைத்து விசாரிப்பது.

"வாப்பா, இது ஆர்ட நினைவு?"

"உன்டதான் மகன்."

"நான் உங்களுக்கிட்ட ஒண்டும் சொல்லல்லையே."

"ஓம். நானா யோசிச்சு எழுதினன்."

"அப்ப இதுக்கு முன்நிகழ்வு எண்டு போடாதீங்க. நீங்க பார்த்தத எழுதுங்க." தாளை வைத்துவிட்டு எழுந்தவன், "அங்க இருக்கிறதுக்கு வாங்கெல்லாம் இல்ல" என்றான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

காம்புக் காட்சிகள் நான்கையும் அன்றே அடித்து நீக்கினேன். அந்த மூன்று நாளும் நான் பார்த்தது என்ன? முன் மண்டபத்து ஜன்னல். தெற்கிலிருந்து வந்து எங்கள் வாசலைக் கடந்துபோன பஸ்கள். அவற்றை ஒவ்வொரு காட்சியாக எழுதினேன். எதிலிருந்து யார் இறங்கினார்கள், எது நிற்காமல் போனது, எதில் மகனுடைய சட்டை நிறத்தில் சட்டை போட்ட ஒருவன் தொங்கிக்கொண்டு போனான்.

மனைவி தேநீரை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் பஸ்ஸா? பாக்கிற சனம் எழும்பிப் போயிரும்."

"போனாப் போகட்டும். அவன் பத்தொன்பதாவது பஸ்ஸிலதானே வந்தான்."

"அப்ப பதினெட்டையும் எழுதப் போறீங்களா?"

"ஓம்."

அவள் தாள்களை விரலால் எண்ணினாள். "பதினெட்டில்ல, இருபது. விடிய சுபஹு தொழ நீங்க பள்ளிக்குப் போன நேரம் ரெண்டு போச்சு. நான் ஜன்னலடியில நிண்டு பார்த்தன்."

அவளை உட்காரச் சொன்னேன். அந்த இரண்டையும் அவள் சொன்னபடியே எழுதி, தலையில் 'முன்நிகழ்வு, தாய் பார்த்தது' என்று கோடிட்டேன். மாதம் முடிய இன்னும் நாலு நாள் இருந்தது. பிரதியை நானே தபாற்கந்தோருக்குக் கொண்டுபோய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.