புயலைத் துரத்தின சனிக்கிழமை

மழை இருட்டினால் மற்ற டிரைவர்மார் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்புவார்கள்; எங்கள் தொழிலில் அப்போதுதான் வண்டியை வெளியில் எடுப்போம்.

சிட்னியில் இப்படியும் ஒரு வேலை இருக்கிறது. மின்னல், இடி, அதிர்ஷ்டம் இருந்தால் டொர்னாடோ என்கிற சுழல்காற்று, இதையெல்லாம் கிட்டப் போய்ப் பார்க்க ஆசைப்படுகிற சனத்தை மினி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, மேகம் திரளுகிற இடத்துக்குப் போக வேண்டும். பொஸ் கிரேக் ரேடாரைப் பார்த்து வழி சொல்வார். பஸ் ஓட்டுவது, மத்தியானச் சாப்பாடு கட்டுவது, சத்தி எடுக்கிறவர்களுக்குப் பை நீட்டுவது எல்லாம் நான். சுற்றுலாச் சனத்தை ஏற்றி இறக்கின ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வானம் பிழை விட்டாலும் ஏச்சு டிரைவருக்குத்தான்.

எனக்கு அந்த வேலை உயிர். என்ர மனுசன் சுதனுக்கு அது கண்ணில் காட்டக் கூடாது. "நாலு வயசுப் பிள்ளையின்ர தாய் செய்யிற வேலையோ இது?" என்று சீசன் முழுக்க ஒரே பாட்டு. கடைசியில் ஒரு சனிக்கிழமை தானும் வந்து பார்ப்பதாகச் சொன்னார். பார்த்த பிறகு விடு என்றால் நான் விட வேண்டும். அதுதான் பேச்சு. நானும் ஓம் என்றேன். அந்தச் சனிக்கிழமையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மன்னார்க் கேள்வி

சிட்னியில் கிரவீன் பக்கம் எங்களுக்குப் பக்கத்து யூனிற் வீடு மேரி அன்ரியின்ர. மன்னாரில் கடலுக்குப் போகிற குடும்பம். நான் புயலுக்குப் போகிற நாட்களில் மகள் ஆரணி அவவோடுதான் நிற்பாள். அன்று காலை வானம் கழுவி விட்ட மாதிரி நீலமாகக் கிடந்தது. சுதனோ ரெயின் கோட், முழங்கால் வரை சப்பாத்து, கழுத்தில் ஒரு விசில் என்று யுத்தத்துக்குப் போகிற கோலத்தில் நின்றார். அன்ரி அவரை மேலும் கீழும் பார்த்தா. பிறகு என் கையிலிருந்த மீன் ரோல்ஸ் பெட்டியைப் பார்த்தா.

"எங்கட ஊரில காத்து மாறினா வள்ளத்தைக் கரையில இழுத்துப் போட்டிட்டு செபமாலை சொல்லுவம். நீங்கள் புருசன் பெண்சாதியா, சாப்பாடும் கட்டிக்கொண்டோ போறியள்?"

கிரேக்கின் சட்டம்

கிரேக்கிடம் மூன்று சட்டங்கள். மத்தியானத்துக்கு முன்னம் பெற்றோல் நிரப்ப வேண்டும், அரைவாசிக்கு மேல் இருந்தாலும் சரி. எங்கே நிறுத்தினாலும் பஸ்ஸின் மூக்கு தப்பி ஓடுகிற ரோட்டைப் பார்த்தபடி நிற்க வேண்டும். பெற்றோல் செட்டில் எல்லாரும் ரொயிலற் போக வேண்டும்.

ஹன்டர் பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு செட்டில் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். சுதன் மட்டும் பஸ்ஸுக்குள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். தனக்கு வரவில்லையாம். கிரேக் யன்னலால் தலையை நீட்டினார்.

"மேகம் வந்தாப் பிறகு ஒருத்தருக்காகவும் பஸ் நிக்காது. பிரதமர் எண்டாலும் போத்தல்தான்."

காவல்

இந்தத் தொழிலில் துரத்துகிறது கொஞ்சம், காத்திருக்கிறதுதான் கூட. காய்ந்த புல்வெளி ஓரத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இருந்தோம். மலைக்கு மேலே பூக்கோவா, அதுதான் காலிஃபிளவர், மாதிரி ஒரு வெள்ளை மேகம், அது வளருதா கரையுதா என்று பார்த்துப் பார்த்துக் கழுத்து நோகும். வெக்கைக்கு இலையான்கள் மொய்த்து மூக்குக்குள் போகும். அந்த நேரத்தில்தான் சனம் கதைக்கும், சிரிக்கும், ரோல்ஸைக் கடித்துவிட்டு உறைப்பில் தண்ணீருக்கு ஓடும். இன்றைக்கும் நான் அதிகம் நினைப்பது புயலை இல்லை, அந்தக் காவலைத்தான்.

சுதன் ஒன்றிலும் சேரவில்லை. ரயரைத் தட்டிப் பார்த்தார், பிரேக்கைப் பற்றி விசாரித்தார், பஸ் சைட் கண்ணாடியில் இருந்த கீறலைப் படம் எடுத்தார். ஷெர்லி என்று ஒரு கிழவி, எங்கள் நிரந்தர வாடிக்கையாளர், எத்தனையோ தரம் வந்தும் ஒரு டொர்னாடோ காணாதவ. பின்னிக்கொண்டிருந்த கம்பளிச் சட்டையை மடியில் வைத்துவிட்டு எனக்குக் கிட்ட வந்தா.

"உன்ர மனுசன் மேகத்தைப் பார்க்கேல்ல. உன்னைத்தான் காவல் பார்க்கிறார், பிழை பிடிக்க."

அமெரிக்கப் படிப்பு

பின்னேரம் பூக்கோவா கறுத்தது. புறப்பட்டோம். எனக்குப் பின் சீற்றில் இருந்த சுதன் அந்தக் கிழமை முழுக்க அமெரிக்காவில் புயல் துரத்துகிற வீடியோக்கள் பார்த்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. ஒரு சந்தி வந்தது. கிரேக் போனில் யாரோடோ வானிலை கதைத்துக்கொண்டிருந்தார். "தெற்கால திரும்பும்! புயலுக்குத் தெற்குப் பக்கம்தான் பாதுகாப்பு!" என்று சுதன் கத்தினார். கலியாணம் கட்டின நாள் தொடக்கம் காரில் அவர் வழி சொல்வார், நான் திருப்புவேன். கை தானாகத் திருப்பிவிட்டது.

அமெரிக்காவுக்கு அது சரி. பூமியின் தெற்குப் பாதியில் புயல் மறுவளமாகச் சுற்றும். இங்கே வடக்குப் பக்கம்தான் நிற்க வேண்டும். நாங்கள் நேராகப் போய் விழுந்தது ஆலங்கட்டி மழைக்குள். தேசிக்காய் அளவுக் கட்டிகள் கூரையில் விழ, பஸ் தகரப் பெட்டி மாதிரி அதிர்ந்தது. முன் கண்ணாடியில் ஒரு வெடிப்பு. ரோட்டோரம் வைக்கோல் அடுக்கின கொட்டகை ஒன்று திறந்து கிடந்தது. "நேரா உள்ளுக்க விடும்!" என்று சுதன் திரும்பவும் கத்தினார். இந்த முறை நான் கேட்கவில்லை. சட்டம் சட்டம்தான். ஆலங்கட்டிக்குள் பஸ்ஸைத் திருப்பி, மூக்கு வெளியே பார்க்கப் பின்னுக்கு எடுத்து விட்டேன். ஒருவருக்கும் கீறல் இல்லை. கிரேக் போனை வைத்தார். எல்லாரும் அவரின் வாயைப் பார்த்தோம்.

"இந்த பஸ்ஸில வழி சொல்லுறது நான் ஒராள்தான். கலியாணம் கட்டின ஆக்களுக்கு விசேஷ சலுகை ஒண்டும் இல்லை."

தரை தொடாத வால்

ஆலங்கட்டி சட்டென்று நின்றது. கொட்டகைக்குள் வைக்கோல் மணமும் ஈர மண் மணமும் கலந்து வந்தது. அந்த வெடித்த கண்ணாடிக்குள்ளால்தான் கண்டோம். போய்க்கொண்டிருந்த கறுப்பு மேகத்தின் அடிப்பாகம் மெதுவாகச் சுற்றியது. அதிலிருந்து வெள்ளையாக, யானைக் குட்டியின் தும்பிக்கை மாதிரி ஒன்று நீண்டு கீழே இறங்கியது. பின்னால் மஞ்சள் வெளிச்சம். ஒருவரும் படம் எடுக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். சுதன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். ஆரணி முதன்முதலாகக் கடலைக் கண்டபோது அப்படித்தான் நின்றாள்.

வயலுக்கு மேலே கொஞ்சத் தூரம் தொங்கி ஆடிவிட்டு அது மேலே சுருண்டு மறைந்தது. தரையைத் தொட்டால்தான் டொர்னாடோ. தொடாவிட்டால் வெறும் வால்தான். நான் ஷெர்லியின் கையைப் பிடித்துக்கொண்டு, பரவாயில்லை என்றேன். அவ கண்ணைத் துடைத்தா.

"எனக்கென்ன கவலை? தொட்டிருந்தா, திரும்ப வாறதுக்கு ஒரு சாட்டு இல்லாமப் போயிருக்கும்."

தீர்ப்பு

வீடு வரும் வரை சுதன் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வெடித்த கண்ணாடி என் முகத்துக்கு நேரே இருந்தது. இதுவே போதும், வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். வழி முழுக்க ஒவ்வொரு சந்தியையும் கடைசித் தரம் பார்க்கிற மாதிரிப் பார்த்தேன். மேரி அன்ரியின் கதவைத் தட்டினோம். ஆரணி ஓடி வந்து சுதனின் கழுத்தில் தொங்கினாள். அன்ரி என்னைப் பார்த்து, என்ன பிள்ளை முகம் வாடிக் கிடக்கு என்றா. நான் வாய் திறக்க முன்னம் அவர் பேசினார்.

"அன்ரி, வாற சனியும் பிள்ளையைப் பார்ப்பியளோ? எனக்கு அது தரையில தொடுறதைப் பார்க்க வேணும்."

அதற்குப் பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து போன கோடை எங்களுக்குத் திரும்பக் கிடைக்காத கோடை. அடுத்த வருசம் மகன் வயிற்றில் வந்தான், ஸ்டியரிங்குக்கும் எனக்கும் நடுவில் இடம் போதவில்லை. நான் வேலையை விட்டு நின்றேன். சுதன் சத்தம் போடாமல் பஸ் லைசன்ஸ் எடுத்தார். இப்போது மேற்கே மேகம் பூத்தால் நான் குசினி யன்னலில் நின்று, அது வளருதா கரையுதா என்று பார்க்கிறேன். அவர் கிரேக்குக்குப் பக்கத்தில் இருந்து போனில் எனக்குப் படம் அனுப்புகிறார்.

வேலையை விடச் சொல்லத்தான் என்ர மனுசன் அன்றைக்கு வந்தார். விடச் சொல்லவே இல்லை, டிரைவர் சீற்றை மட்டும் எடுத்துக்கொண்டார்.