துரைக்கு அவுட் கொடுத்த சனிக்கிழமை

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த வருடங்களில் அந்த வேலையை மேற்பார்க்க ஒரு வெள்ளைக்கார என்ஜினீயர் மனைவியோடு வந்திருந்தார். சுதந்திரம் வந்து இருபத்தைந்து வருடமாகியும் ஊர் அவர்களைத் துரை, துரைசானி என்றுதான் சொல்லிற்று. வாரம் முழுக்க வெயிலில் கருகுகிற துரை, சனிக்கிழமையானால் வெள்ளைப் பேண்ட் போட்டுக்கொண்டு கிரிக்கெட் ஆடப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை மடக்கு நாற்காலி, பிளாஸ்க், துண்டு சகிதம் இருவரும் கடலுக்குப் போவார்கள். துரைசானி நீந்துவதைப் பார்க்க ஒரு சிறு கூட்டம் கூடும். வலை காயப்போட வந்தவர்கள் போலப் பாவனை செய்வார்கள். கையில் வலை இருக்காது.

என் அப்பா துரையின் ஆபீசில் வரைபடம் போடுகிற டிராப்ட்ஸ்மேன். தற்காலிக வேலை. யாரை நிரந்தரமாக்குவது என்ற பட்டியல் அந்த மாதம்தான் துரையின் மேசைக்குப் போயிருந்தது. அப்பா பேட் பிடித்து நின்றால் பந்து வீசுகிறவனுக்கே பாவமாக இருக்கும். ஆனால் பாளையங்கோட்டையில் படிக்கும்போதே ஆட்டத்தின் விதிகளை மனப்பாடம் செய்திருந்தார். வேதபுத்தகத்துக்கு அடுத்து அவர் சந்தேகப்படாத புத்தகம் அது ஒன்றுதான். ஆகவே ஆபீஸ் டீமுக்கு அவரை அம்பயராக வைத்திருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை கஸ்டம்ஸ் ஆபீசோடு ஆட்டம். எனக்கு எட்டு வயது. துரைசானி என்னைக் கூப்பிட்டுத் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்திருந்தார். சமையற்காரம்மாவிடம் கற்ற தமிழில், "தின்னு கண்ணு, தின்னு" என்று பிஸ்கட்டை நீட்டிக்கொண்டே இருந்தார். துரை நாற்பத்தெட்டு ரன் எடுத்திருந்தார். இன்னும் இரண்டு எடுத்தால் அரைச்சதம். அதற்காகவே கைதட்டத் தயாராக எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

பந்து துரையின் காலில் பட்டது. வீசிய கஸ்டம்ஸ்காரர் இரண்டு கையையும் விரித்து அப்பாவைப் பார்த்துக் கத்தினார். கால் குறுக்கே வராவிட்டால் பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா என்பதுதான் கேள்வி. பதில் எல்லோருக்கும் தெரியும். அம்பயர் துரையின் ஆபீஸ்காரர். இல்லை என்று தலையை ஆட்டுவார்.

அப்பா விரலைத் தூக்கினார்.

கைதட்ட எழுந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அப்பா கையைத் தூக்கினால் நாம் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து, நான் ஒருத்தி மட்டும் பலமாகக் கைதட்டினேன். துரை அப்பாவையே பார்த்தபடி சற்று நேரம் நின்றார். பிறகு பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினார்.

சாயங்காலம் ஹெட் கிளார்க் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"உமக்கென்ன கிறுக்கா வே? நம்ம டீம்லா! அதுவும் இந்த மாசத்துல!"

"நடு ஸ்டம்புக்கு நேரே பட்டுது" என்றார் அப்பா.

அவர் போன பிறகு அம்மா மெதுவாகக் கேட்டாள். "சரியாத் தெரியலன்னு விட்டிருக்கலாம்லா?"

"தெரிஞ்சுதே. தெரிஞ்சத எப்படித் தெரியலன்னு சொல்ல?"

"நாளைக்குக் கடலுக்கு வரச் சொல்லியிருக்காவளே. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போக?"

"இதே மூஞ்சிதான்" என்றார் அப்பா.

துரைசானி போன வாரமே எங்களை அழைத்திருந்தார். ஞாயிறு மூன்று மணிக்கு ஜீப் வரும் என்று ஏற்பாடு. காலையில் ஆராதனைக்குக் கட்டிய நீலப் பட்டுச்சேலையை அம்மா மாற்றவில்லை. அம்மா சுட்ட முந்திரிக்கொத்தை ஒரு டின் நிறைய எடுத்துக்கொண்டு வாசலில் நின்றோம். மூன்றரை ஆகியும் ஜீப் வரவில்லை. பஞ்சராகியிருக்கும் என்று நான் சொன்னேன். நாலு மணிக்கு அப்பா, "வாங்க, பஸ்ல போவோம்" என்று நடக்க ஆரம்பித்தார். அவர் சட்டையின் கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தார்.

எங்களைக் கண்டதும் துரைசானி ஈரக் காலோடு ஓடி வந்தார். அம்மாவின் கையைப் பிடித்து, "வா, தண்ணிக்குள்ள வா" என்று இழுத்துப் போனார். அம்மா முழங்கால் அளவு தண்ணீரில் என் கையைப் பிடித்தபடி நின்றாள். துரைசானி மட்டும் தள்ளி நீந்தப் போனார்.

கரையில் துரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்பா எதிரே நின்றார். என்னவோ பேசினார்கள். திடீரென்று துரை எழுந்து, ஒரு குச்சியால் ஈர மணலில் மூன்று கோடு போட்டார். அவை ஸ்டம்புகள். தள்ளி ஒரு கால் வரைந்தார். பிறகு குச்சியை அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா வாங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் மண்டியிட்டார். அதற்குப் பிறகு நடந்தது அவருடைய தொழில். மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கவாட்டில் பார்த்தால் எப்படி என்று தனித்தனியாக வரைந்தார். பந்து விழுந்த இடத்தை ஒரு சிப்பி வைத்துக் காட்டினார். துரையும் மண்டியிட்டார். சிப்பியைப் பிடுங்கி ஒரு சாண் தள்ளி வைத்தார். அப்பா அதை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார்.

"நோ, சார்."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சந்தான். ஆனாலும் அப்பா வாயிலிருந்து அதுவரை "யெஸ் சார்" மட்டுமே கேட்டிருந்தேன். துரை குரலை உயர்த்தினார். முகம் செக்கச்செவேலென்று ஆயிற்று. அப்பா குரலை உயர்த்தவில்லை. "நோ, சார்" என்று இன்னொரு முறை சொன்னார். அம்மாவின் பிடி இறுகியது. வலிக்கிறது என்று சொன்னேன். அவள் காதில் விழவில்லை.

துரை படத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். ஊரே கேட்கும்படி, "அவுட்!" என்று சொல்லிவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார்.

அந்த நேரம் பார்த்து அம்மா அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள், பட்டுச்சேலையோடு. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். முகமெல்லாம் தண்ணீர். துரைசானி வந்துதான் தூக்கிவிட்டார்.

திரும்பும்போது துரையே ஜீப்பில் கொண்டுவந்து விட்டார். முந்திரிக்கொத்து டின் காலியாகியிருந்தது. இரண்டு வாரம் கழித்து அப்பாவை நிரந்தரமாக்கி உத்தரவு வந்தது. அந்த வேலையில் இருந்துதான் அவர் ஓய்வுபெற்றார்.

கடலுக்குப் போய்வந்த மறுநாள், திங்கட்கிழமை, பள்ளிக்கூடத்தில் நான் சொன்ன கதையில் துரையும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. எங்கம்மாவை ஒரு பெரிய அலை வந்து தள்ளிவிட்டது என்பதுதான் கதை. பக்கத்தில் இருந்தவள் கடற்கரைத் தெருப் பெண். அவள் அப்பாவும் தாத்தாவும் முத்துக் குளித்தவர்கள். கடைசிவரை கேட்டுவிட்டு, "ஏட்டி, நம்ம கடல்ல ஏது ஆளத் தள்ளுத அலை? குளம் மாதிரில்லா கெடக்கும்" என்றாள்.

நான் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை. அதற்காக ஒரு வாரம் அவளோடு பேசாமல் இருந்தேன்.