அலுவலகத்திலேயே அதிகம் இணையம் பார்த்தவர்

எங்கள் அலுவலகத்தில் இணையத்தை அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறார் என்று மாதாமாதம் மெமோ வாங்கிய மனிதர், செய்தித்தாளைக்கூட டீக்கடையில் ஓசியில்தான் படிப்பார். எங்கள் கணினிகளைப் பராமரிப்பது அவர் வேலை. ஊருக்கெல்லாம் அவர் பெயர் ‘அப்டேட்’. எனக்கு மட்டும் அண்ணன். நான் தபால் பிரிவு. தலைமை அலுவலகத்திலிருந்து வரும் அந்த மெமோக்களுக்கு முத்திரை குத்தி அவர் கையில் கொடுத்த பாவி நான்தான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இவர் விஷயத்தில் இரண்டும் ஓரிடம்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர்.

எங்கள் கணினிகளில் ஓடுவதெல்லாம் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். இலவசம் என்றதும் மேலாளருக்கு அதன்மேல் தனிப் பாசம். ஆனால் எந்தக் கணினியும் நேராக இணையத்துக்குப் போய்விட முடியாது. நடுவில் பிராக்ஸி என்றொரு வாசல்காரன் உண்டு. பெயரும் கடவுச்சொல்லும் சொன்னால்தான் விடுவான். யார் பெயரில் எவ்வளவு போய் வந்தது என்று கணக்கும் வைப்பான். நாம் என்றால் அவற்றைத் தட்டிவிட்டுப் போவோம். மென்பொருள்களைத் தானாக இறக்கிப் புதுப்பிக்கும் பேக்கேஜ் மேனேஜருக்குக் கை இருக்கிறதா, வாய் இருக்கிறதா? அதன் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். போகிறவர் பெயர், கடவுச்சொல், பிராக்ஸியின் முகவரி, அவ்வளவுதான்.

கணினிகளுக்கென்று ஒரு பொதுப் பெயர் கேட்டு அண்ணன் முறையாகத்தான் விண்ணப்பித்தார். “சம்பந்தப்பட்ட கணினியின் பணியாளர் எண்ணையும் பணியில் சேர்ந்த தேதியையும் குறிப்பிடவும்” என்று பதில் வந்தது. ஆத்திரத்தில் தன் பெயரையும் கடவுச்சொல்லையுமே அந்த வரியில் எழுதிவிட்டார்.

அது ஓடவில்லை. கடவுச்சொல்லில் மின்னஞ்சல் முகவரியில் வரும் அந்த ‘அட்’ குறி இருந்தது. கடவுச்சொல் முடிந்து முகவரி தொடங்குவதைக் காட்டவும் அதே குறிதான். பாதிக் கடவுச்சொல்லை முகவரி என்று நினைத்துக் கணினி எங்கேயோ போய் முட்டிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதற்குள் அவருடைய மதியச் சாப்பாடு ஆறிப்போனது. ஒருவழியாக ஓடியதும், ஓடுகிற வண்டியில் கை வைப்பானேன் என்று அந்த வரியை அப்படியே எல்லாக் கணினிகளிலும் பிரதி எடுத்துப் போட்டார். கோப்பைத் திறந்து பார்த்தவர்களுக்கெல்லாம், அண்ணியை அவர் என்ன செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்பது தெரிந்துபோயிற்று; கடவுச்சொல்லே அதுதான். அதை இங்கே எழுதினால் அண்ணி என்னை உயிரோடு விடமாட்டார்.

அன்றிலிருந்து அலுவலகக் கணினிகள் எல்லாம் அவர் பெயரில்தான் இணையத்தை மேய்ந்தன. மெமோ வரும். “பதிவிறக்கம் செய்தது நானல்ல, என் பெயரில் கணினிகள்” என்று பதில் எழுதுவார். “விளக்கம் ஏற்கப்பட்டது. இனி நிகழக் கூடாது” என்று வரும். அடுத்த மாதம் மறுபடியும் மெமோ.

அண்ணி வேறொரு நகரத்தில் நர்ஸ். அங்கே மாற்றல் கேட்டு அண்ணன் வருடக்கணக்கில் நடையாய் நடந்தார். கடைசியில் உத்தரவு வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் ரத்து. இனிப்பு வாங்கிக்கொண்டு மேலாளர் அறைக்குள் போனவர், இனிப்போடு திரும்பி வந்தார்.

“உங்களை அனுப்பிட்டா இங்க உங்க நெட் கணக்கை மூடிடுவாங்க. அப்டேட் நின்னா சம்பள மென்பொருள் திறக்காது. வேற யார் பேர்லயாவது மாத்திக் குடுத்துட்டுப் போங்க” என்றாராம்.

மாற்றுவது அரைமணி நேர வேலை. பெயர்தான் கிடைக்கவில்லை. மறுநாள் மேலாளர் எங்களையெல்லாம் கூட்டினார்.

“பேர் மட்டும் குடுங்க, போதும்” என்றார் அண்ணன்.

“எனக்கு பிரமோஷன் வர்ற நேரம்” என்றார் கணக்கர்.

“பையனுக்குப் பொண்ணு பாக்கறோம். விசாரிச்சா, அப்பா ஆபீஸ்ல நெட்டே கதின்னு கெடப்பாராம்னு சொல்லுவாங்க” என்றார் ஸ்டோர்காரர்.

“உங்க பேர் சார்?” என்று நான் கேட்டேன். மேலாளர் தலைக்குமேல் ஓடிய மின்விசிறியைக் கவனமாகப் பார்த்தார். பூனைக்கு மணி கட்டத் தயங்கும் எலிகளையாவது புரிந்துகொள்ளலாம். அவற்றுக்கு உயிர் பயம். இவர்களுக்கு என்ன வந்தது?

வியாழக்கிழமை அண்ணன் படிக்கட்டில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். “வீடெல்லாம் பெருக்கி வெச்சிட்டியா... இல்லம்மா, வந்துடுவேன்... பாக்கலாம்.” அந்தப் ‘பாக்கலாம்’ எனக்குக் கோபத்தைக் கிளப்பியது.

“என் பேரைப் போடுங்கண்ணே” என்றேன்.

“மெமோ வரும் தங்கச்சி.”

“வரட்டும். முத்திரை குத்துறது நான்தானே.”

அவர் அதை எழுதுவதற்குமுன் என் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். பழையது என்ன என்று யாரும் கேட்க வேண்டாம். அண்ணன் அன்று மாலையே வண்டி ஏறினார்.

மாதம் முடிந்தது. மெமோ வந்தது. முத்திரை குத்தினேன். மேலாளர் கூப்பிட்டனுப்பினார்.

“நல்ல பொண்ணுன்னு நெனச்சேனேம்மா. அவர் போனதும் அந்த இடத்தை நீங்க பிடிச்சுக்கிட்டீங்களே. ஆபீஸ் நேரத்துல அப்படி என்னதான் பாக்கறீங்க?”

அன்றைக்குக் கூட்டத்தில் என் எதிரில் உட்கார்ந்திருந்த அதே மனிதர். முகத்தில் விளையாட்டே இல்லை. நிஜமாகவே மறந்துவிட்டிருந்தார்.

“இன்னைக்கே என் பேரை எடுத்திடறேன் சார். யார் பேரைப் போடட்டும்?”

மேலாளருக்கு நினைவு வந்தது. கண் மின்விசிறிக்குப் போனது. “சரி, சரி. இந்தத் தடவை எச்சரிக்கையோட விட்டுடறேன்” என்று மெமோவில் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். பின்னால் அண்ணியின் குரல், தோசை ஆறுகிறது என்று அதட்டிக்கொண்டிருந்தது.

“மெமோ ஏதாவது வந்துச்சா தங்கச்சி?”

“அதெல்லாம் ஒண்ணும் வரலண்ணே. நீங்க போய் சூடா சாப்பிடுங்க.”

போனை வைத்துவிட்டு, அவர் எழுதிய பழைய பதிலைத் தேடி எடுத்து, பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்திட்டேன்.