ஒற்றைக் குமிழ் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு முத்தாபுதுப்பேட்டைக்கு

இரண்டு மாதங்களுக்கு முன் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரைப் பற்றிச் சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். "தோற்றம் எளிமை, ஒலி தெளிவு. ஆனால் இடது பக்கம் வலுவில்லை. பாடுகிறவர் நடுவில் நிற்காமல் வலது பக்கம் ஒதுங்கி நிற்கிறார்" என்பது என் தீர்ப்பு. அதைப் படித்துவிட்டு, அதே ஆம்ப்ளிஃபையருக்குச் சொல்லிவைத்திருந்த வாசகர்கள் இரண்டு பேர் வேண்டாமென்று விலகிக்கொண்டார்கள்.

அந்த ஆம்ப்ளிஃபையரைச் செய்பவர் ஞானராஜ். சென்னை பாடியில் ஒரு தொழிற்சாலையின் மின்பிரிவில் இருபது வருடம் வேலை பார்த்தவர். இப்போது முத்தாபுதுப்பேட்டையில், தன் வீட்டு முன்னறையில், மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ ஆம்ப்ளிஃபையர் செய்கிறார். விளம்பரம் கிடையாது. வாங்கியவர் சொல்லி அடுத்தவர் வருவதுதான். அப்படியிருக்க இரண்டு பேர் விலகினால் அவருக்கு ஒரு மாத வேலை போயிற்று. மூன்றாவது ஆள் வருவாரா என்பதும் சந்தேகம்.

நான் எழுதிய நாலாம் நாள் அவரே போன் செய்தார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன். இல்லை.

"சார், பெட்டியத் தூக்கிக்கினு ஒரு தபா நம்ம ஊட்டுக்கு வாங்க. இங்க வெச்சு கேளுங்க. தப்பு என்னுதுன்னா நீங்க எழுதினது அப்படியே இருக்கட்டும். இல்லன்னா, அதையும் எழுதுங்க. அவ்ளோதான் நான் கேக்கறது."

நியாயமாகப் பட்டது. இரண்டாவது சனிக்கிழமை காலை நானும் என் மனைவி லலிதாவும் கொரட்டூரிலிருந்து கிளம்பினோம். எளிய வடிவ ஆம்ப்ளிஃபையர் ஒன்றை நேரில் கேட்டு வாங்க நினைக்கும் வாசகர்களுக்கு வழியும் செலவும் பயன்படும் என்பதால் எல்லாவற்றையும் குறித்துவைத்தேன்.

பெட்டியின் எடை ஒன்பதரை கிலோ. வீட்டு எடை மெஷினில் நான் பெட்டியோடு ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பார்த்தேன். பழைய போர்வையில் சுற்றி, பெரிய கட்டைப் பையில் வைத்து, ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டோம். 8.40க்கு வீடு, 9.05க்கு ரயில். டிக்கெட் ஆளுக்கு ஐந்து ரூபாய். சனிக்கிழமை என்பதால் ஆவடி பக்கம் போகும் வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. வார நாள் என்றால் பத்து மணிக்குப் பிறகு கிளம்புங்கள்.

ஆவடி வர இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் இந்தப் பெட்டி எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன்.

முன்பக்கம் ஒரே ஒரு குமிழ். சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் மட்டும். பின்பக்கம் ஒரு ஸ்விட்ச், கம்பி செருகும் துளைகள். பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் இல்லை. ஆடுகிற விளக்கு இல்லை. ரிமோட் இல்லை. இடது வலது பக்கங்களின் அளவைச் சரிசெய்யும் பேலன்ஸ் குமிழும் இல்லை. ஏன் இப்படி? நான் ஆசிரியராக இருந்த பள்ளியில் தலைமையாசிரியர் ஒரு செய்தியை ஒரு மாணவனிடம் சொல்லி, அவன் இன்னொருவனிடம் சொல்லி, ஐந்து பேர் கடந்து என் வகுப்புக்கு வரும்போது, "மூன்று மணிக்குக் கூட்டம்" என்பது "மூன்று நாள் லீவு" ஆகியிருக்கும். நேராக ஒருவனே வந்து சொன்னால் அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு குமிழும் ஒலி கடந்து வரவேண்டிய ஓர் ஆள். ஆள் குறைந்தால் செய்தி சுத்தமாக வரும். அவ்வளவுதான் தத்துவம்.

ஆனால் ஒரு விலை உண்டு. பொடியும் எண்ணெயும் இல்லாமல் இட்லியைத் தின்றால்தான் மாவு புளித்தது தெரியும். மோசமாகப் பதிவான பாட்டை இந்தப் பெட்டி காப்பாற்றாது. குறை எங்கே இருந்தாலும் வெளியே காட்டிவிடும்.

9.28க்கு ஆவடி. நிலையத்துக்கு வெளியே ஷேர் ஆட்டோ நிற்கும். முத்தாபுதுப்பேட்டை சுமார் ஆறு கிலோமீட்டர். ஆளுக்கு இருபது ரூபாய். கட்டைப் பையை நான் இருக்கையில் வைத்ததும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா அது, கிரைண்டரா?"

"ஆம்ப்ளிஃபையர்."

போர்வையை விலக்கிப் பார்த்தார். "ஒரு பட்டன்தான் கீது? ஒரு பட்டனுக்கா இம்மாம் வெயிட்டு?"

"உள்ளே ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கு."

"நம்ம வண்டில எட்டு பட்டன் கீது நைனா. ஹாரன் ஒண்ணுதான் வேலை செய்யுது. மீதி ஏழையும் புடுங்கிட்டா நம்ம வண்டியும் இந்த மாதிரி ஷோக்காயிடும், இல்ல?"

லலிதா சிரித்துவிட்டாள். சிரிப்புக்குத் தள்ளுபடி கிடைக்கவில்லை. இறங்கும்போது ஓட்டுநர் பெட்டிக்கும் ஒரு சீட் என்று கணக்குப் போட்டு அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டார். பாரம் கொண்டுபோகிறவர்கள் ஏறும்முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

9.55க்கு ஞானராஜ் வீடு. முன்னறை பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். எதிர்ச்சுவரின் ஒரு மூலையில் அவர் மனைவி ஸ்டெல்லாவின் தையல் மெஷின், மறு மூலையில் பீரோ. இரண்டுக்கும் முன்னால் ஆளுயரத்தில் பாதி இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்கள். நடுவில், தரையில் சாக்பீஸால் போட்ட குறியின் மேல், ஒரு மர நாற்காலி.

"எல்லாரும் மொதல்ல இதுல உக்காந்துதான் கேப்பாங்க சார். நீங்க மட்டும்தான் உக்காரல" என்றார் ஞானராஜ். உண்மை. என் தம்பி மகன் ஆவடியில் வேலை பார்க்கிறான். அவன் மூலமாகச் சொல்லிவைத்தேன், அவனே வாங்கிவந்து வீட்டில் வைத்துவிட்டுப் போனான். நான் அந்த நாற்காலியைப் பார்த்ததே அன்றுதான்.

உட்கார்ந்தேன். ஸ்பீக்கர்களைப் பார்த்த மாதிரி. எனக்கு இடது கைப்பக்கம் தையல் மெஷின், வலது கைப்பக்கம் பீரோ. பெட்டியில் கம்பிகளைச் செருகினார். பாட்டு வரும் என்று கண்ணை மூடினேன்.

"துவரம் பருப்பு ஒரு கிலோ. உளுந்து அரைக் கிலோ. வரமிளகா கால் கிலோ" என்றது ஒரு பெண் குரல்.

கண்ணைத் திறந்தேன். ஸ்டெல்லா வாயில் குண்டூசியோடு மெஷினுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தார். பதிவில் இருந்தது அவர் குரல்தான்.

"பாட்டு ஏமாத்தும் சார். வயலின் ஒரு பக்கம், தபேலா ஒரு பக்கம்னு அவங்களே பிரிச்சு வெச்சிருப்பாங்க. இது ஒரே மைக்குல எடுத்தது. ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே அளவு. குரல் நட்டநடுவுல வரணும். அப்போ பெட்டி சரி" என்றார் ஞானராஜ்.

"அக்கா, இந்த லிஸ்ட்ட ஊரே கேட்டுக்கீது" என்று ஸ்டெல்லா லலிதாவிடம் சொன்னார். "நம்ம மளிகைக்கடைக்காரரே ஆம்ப்ளிஃபையர் கேக்க வந்தாரு. முழுசாக் கேட்டுட்டு, பெருங்காயத்த உட்டுட்டியேம்மான்னாரு."

நான் சிரிக்கவில்லை. குரல் நடுவில் இல்லை. பீரோ பக்கம் சாய்ந்திருந்தது. வீட்டில் கேட்ட அதே குறை. என் எழுத்து சரிதான் என்ற ஒரு சின்ன நிம்மதிகூட வந்தது என்பதை மறைக்கவேண்டாம்.

"பீரோ பக்கம் இருக்கு" என்றேன்.

ஞானராஜ் லலிதாவை உட்காரச் சொன்னார். அவள் பருப்பிலிருந்து புளி வரைக்கும் கேட்டாள். "எனக்கு நடுவுலதான் வருது" என்றாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சல். "நல்லாக் கவனிச்சுக் கேளு" என்றேன். "லிஸ்ட்டே மனப்பாடம் ஆயிடுச்சு, இன்னும் என்ன கவனிக்கணும்?" என்றாள்.

மறுபடி நான் உட்கார்ந்தேன். ஞானராஜ் பெட்டியின் பின்பக்கக் கம்பிகளை இடம் மாற்றினார். இடது பக்கத்துக்குப் போனது வலதுக்கு, வலதுக்குப் போனது இடதுக்கு. பெட்டியின் இடது பக்கம் வலுவில்லை என்றால் குரல் இப்போது தையல் மெஷின் பக்கம் போகவேண்டும். போகவில்லை. பீரோ பக்கமே இருந்தது.

அப்படியென்றால் பெட்டி இல்லை. ஸ்பீக்கரா, அறையா? என் வீட்டிலும் இதே மாதிரி வலது பக்கம்தானே சாய்ந்தது? வீடு வேறு, ஸ்பீக்கர் வேறு. முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார், எது மாறாமல் நிற்கிறது என்று கவனி என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். இங்கே மாறாமல் இருப்பது எது?

எழுந்து, நாற்காலியைச் சாக்பீஸ் குறியின் மேலேயே திருப்பிப் போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

"கடுகு நூறு கிராம். வெந்தயம் ஐம்பது."

குரல் தையல் மெஷின் பக்கம் வந்துவிட்டது. பீரோவை விட்டு, அறையைத் தாண்டி, மறுபடியும் என் வலது கைப்பக்கத்துக்கு.

ஞானராஜ் குமிழைத் திருப்பிச் சத்தத்தைக் குறைத்தார். அவருக்கு முதலிலேயே சந்தேகம் இருந்திருக்கிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். இன்னும் ஒரு பத்தி காரமாக எழுதியிருப்பேன்.

லலிதாதான் பேசினாள். "பழைய பெட்டில பாடறவங்க எப்பவுமே இடது பக்கமா ஒட்டிக்கிட்டு நிப்பாங்க. எத்தனை தரம் சொல்லியிருக்கேன்? நீ உட்கார்ற இடம் சரியில்லம்பீங்க."

பழைய ஆம்ப்ளிஃபையரில் பேலன்ஸ் குமிழ் இருந்தது. அது வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் திரும்பிக்கொண்டே போயிருக்கிறது. திருப்பியது நான்தான். பாட்டுக்குப் பாட்டு சரிசெய்கிறேன் என்று நினைத்தேன். என் இடது காதின் குறையைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை. அந்தக் குமிழை எடுத்துவிட்ட பெட்டி வந்ததும் உள்ளது உள்ளபடி தெரிந்துவிட்டது. நான் பெட்டியைக் குற்றம் சொன்னேன்.

"மன்னிச்சுக்கோங்க ஞானராஜ்" என்றேன்.

"அட உடுங்க சார். ஒண்ணு சொல்லட்டுமா? உங்க பெட்டிக்கு மட்டும் ஒரு பேலன்ஸ் குமிழ் வெச்சுத் தரேன். ரெண்டு மணி நேர வேலை. நான் யாருக்கும் வைக்கமாட்டேன். உங்களுக்கு வைக்கறேன்."

ஆசையாக இருந்தது. பாடுகிறவர் எனக்கு நடுவில் வந்து நிற்பார். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு மறுபடியும் சுவரோரம் போய்விடுவார். லலிதாவைப் பார்த்தேன். தனக்கென்று எதுவும் கேட்கமாட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஸ்டெல்லா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு 11.30க்குக் கிளம்பினோம். திரும்பும் வழியில் அம்பத்தூரில் இறங்கி, காது பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். லலிதாவின் யோசனை. சின்னக் கண்ணாடி அறைக்குள் நாற்பது நிமிடம், கட்டணம் அறுநூறு ரூபாய். வலது காது வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது. இடது காதில் உயர்ந்த ஒலிகள் கணிசமாகக் குறைந்திருக்கின்றன. போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பாருங்கள், தேவைப்பட்டால் கருவி வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். தாளை வாங்கிப் பையில் வைத்தபோது, ஏற்றி இறக்கிய ஒன்பதரை கிலோவைவிட அந்தத் தாள் கனத்தது. 2.20க்கு வீடு.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஆவடி வரை ரயில்தான் வசதி. பூந்தமல்லி பக்கமிருந்து வருகிறவர்கள் ஆவடிக்குப் பேருந்தில் வந்து ஷேர் ஆட்டோ மாறலாம். நெரிசல் இருந்தால் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை போகாதீர்கள், அவர்கள் குடும்பமாகக் கோயிலுக்குப் போய்விடுவார்கள். உங்களுக்குப் பழகிய பாட்டு நாலைந்து கொண்டுபோங்கள், ஆனால் மளிகைப் பட்டியலை முதலில் கேளுங்கள். நாற்காலியைத் திருப்பிப் போட்டும் ஒருமுறை கேளுங்கள். ஐம்பது வயது தாண்டியவர்கள் பெட்டிக்குச் சொல்லுமுன் காதைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. எந்த விலை ஆம்ப்ளிஃபையருக்கும் இது பொருந்தும்.

சென்ற மாதப் பதிவை நான் அழிக்கவில்லை. அதன் தலையிலேயே, குறை என் இடது காதில், பெட்டியில் இல்லை என்று எழுதிச் சேர்த்துவிட்டேன். விலகிய இருவரில் ஒருவர் மறுபடி ஞானராஜுக்குச் சொல்லிவிட்டார். மற்றவரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. இதைப் படிக்கிறீர்கள் என்றால், ஐயா, உங்களுக்கு ஒரு அழைப்பு. முத்தாபுதுப்பேட்டை தூரம் என்றால் கொரட்டூருக்கு, எங்கள் வீட்டுக்கு வாருங்கள். பெட்டி அதே இடத்தில் இருக்கிறது. ஒரு நாற்காலி இடது ஸ்பீக்கர் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிக் கிடக்கும், அது என்னுடையது. அதில் உட்காராதீர்கள். நடுவில் இருக்கும் லலிதாவின் நாற்காலியில் உட்கார்ந்து கேளுங்கள்.